கைரேகை ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் தண்டையார்பேட்டை மாணவிக்கு

தண்டையார்பேட்டையில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது இது: “தடயவியல் கைரேகை ஆய்வில் ஆராய்ச்சியாளர் ஆக ஆசை. ஆனால் அது நூறு வருடத்துக்கு மேல் பழைய துறை, இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துவிடுகிறது, இனி அதில் ஆராய என்ன மிச்சம் என்று வீட்டில் கேட்கிறார்கள். உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?”

இருக்கிறது. ரேகையை வைத்து ஆளைப் பிடிக்கும் வேலைதான் பழசு. அந்த ரேகை ஒரு பொருளின் மேல் எத்தனை நாள் தங்கும், எந்த ரசாயனத்துக்குக் கண்ணில் தெரிய எழும்பும், எழும்பியதைப் பார்க்கும் நிபுணர் நூற்றுக்கு எத்தனை முறை தவறுவார் என்பதெல்லாம் இன்னும் முடியாத கணக்கு. அதிலும் நீங்கள் இருக்கும் இடமே ஒரு வசதி. ரேகையை எழுப்பும் கலவைகளின் அளவும் பக்குவமும் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வகங்களில் முடிவானவை. காசிமேட்டில் ஒரு வாரம் வெளியில் கிடந்த மீன் பெட்டிக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இங்கே இருந்துதான் அளக்க முடியும்.

முதலில் வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். திருட்டு நடந்த வீட்டில் பீரோ கைப்பிடிக்குப் பவுடர் போட்டு, கிடைக்கும் சான்ஸ் பிரிண்டை (தற்செயலாகப் பதிந்த ரேகையை) பதிவிலுள்ள பத்து விரல் ஸ்லிப்புகளோடு ஒப்பிட்டு, கோர்ட்டில் கூண்டேறிச் சொல்பவர் விரல்ரேகை நிபுணர். தமிழ்நாட்டில் இது காவல்துறைக்குள் இருக்கும் பிரிவு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் விரல்ரேகை எஸ்.ஐ. தேர்வு எழுதிப் போகிறார்கள். அறிவியல் பட்டம் வேண்டும். ரத்தம், விஷம், துப்பாக்கி, ஆவணம் எல்லாம் பார்க்கும் தடய அறிவியல் துறை அதிலிருந்து தனி. அங்கே இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக எடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மேசை நிறைய வழக்குக் கோப்புகள்தான் இருக்கும். ஆராய்ச்சிக்கு மிஞ்சும் நேரம் கொஞ்சம். ஆராய்ச்சியாளர் மூன்றாவது ஆள். பல்கலைக்கழகத்திலோ மத்திய ஆய்வகத்திலோ இருந்துகொண்டு, அந்த நிபுணர் கையில் எடுக்கும் கருவியையும் கலவையையும் முடிவெடுக்கும் முறையையும் சோதித்துப் பார்ப்பவர். உங்கள் ஆசை இதில் எது என்பதை இந்த வருடமே முடிவு செய்வது நல்லது. படிக்க வேண்டிய தேர்வே வேறாகிவிடும்.

வரலாற்றை ரொம்ப நீட்டத் தேவையில்லை. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தத் தாளில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கைப்பதிவை வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியதுதான் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு. பத்து விரலின் வடிவத்தை வைத்து ஸ்லிப்புகளை 1,024 வகையாகப் பிரிக்கும் கணக்கைப் போட்டதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பு பெரிது. முறைக்குப் பெயர் என்னவோ எட்வர்ட் ஹென்றி என்ற மேலதிகாரிக்குப் போனது. ஆக, ரேகையை அடுக்கித் தேடும் கலை பிறந்தது இந்தப் பக்கத்தில். கண்ணுக்குத் தெரியாத ரேகையை எழுப்பும் வேதியியல் வளர்ந்தது அங்கே. காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் போடலாம் என்று 1954-இல் சொன்னவர்கள் ஸ்வீடன்காரர்கள். சூப்பர் குளூ ஆவி ஜப்பானில் 1970-களின் கடைசியில் வந்தது. எந்தச் சூட்டில், எவ்வளவு ஈரப்பதத்தில், எத்தனை நிமிடம் என்று கையேடு போட்டு ஒழுங்குபடுத்தியதில் பிரிட்டன் உள்துறையின் பங்கு அதிகம்.

இனி விஷயத்துக்கு வருவோம். விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வேர்வைச் சுரப்பி மட்டும்தான். ஆகவே ஒரு பதிவில் இயல்பாக இருப்பது தண்ணீர், உப்பு, செரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள், லாக்டிக் அமிலம், யூரியா. எண்ணெய்ப் பசை எல்லாம் முகத்தையும் தலையையும் தொட்டதால் ஒட்டிக்கொண்டது. மேல்நாட்டுக் கட்டுரைகளில் அது ஸ்குவாலீனும் கொழுப்பு அமிலங்களும். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை என்றால் லாரிக் அமிலமும் சேர்ந்து வரும். சோதனைக்கு ரேகை தரும் கொடையாளர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் முடிவுகளில் இது எங்கிருந்து வந்தது என்று பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் உப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீத ஈரப்பதம் வரைக்கும் படிகமாக இருக்கும். அதைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சென்னைக் கடலோரத்தில் ராத்திரி 75-ஐத் தாண்டுவதும் மத்தியான வெயிலில் கீழே இறங்குவதும் சாதாரணம். அப்படியானால் ராயபுரத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் ரேகையின் உப்பு ராத்திரி கரைந்து, பகலில் காற்று போதுமான அளவு காய்ந்தால் மறுபடி படிகமாகலாம். ஒவ்வொரு தடவையும் கோட்டின் ஓரம் கொஞ்சம் நகரலாம். ஒரே ஈரப்பதத்தில் வைத்து எடுத்த அளவுகளில் இந்த ஏற்ற இறக்கம் வராது. இதோடு கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு, எண்ணூர்ப் பக்கமானால் சாம்பல் தூசி. ரேகையின் உப்பையும் காற்றின் உப்பையும் ரசாயனம் பிரித்துப் பார்க்காது.

சூப்பர் குளூ முறை நேராக இந்த உப்பில் வந்து நிற்கிறது. அந்தப் பசையான சயனோஅக்ரிலேட்டைச் சுமார் 120 டிகிரி சூட்டுத் தட்டில் ஆவியாக்கி, அடைத்த பெட்டிக்குள் பொருளின் மேல் படியவிடுவார்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ரேகைக் கோட்டின் மேல் பாலிமர் இடியாப்பம் போல நூல் நூலாக வளரும். வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளை வெளேர் என்று தெரியும். ஈரப்பதம் குறைந்தால் தட்டையான மெல்லிய படலமாகப் போய் மங்கிவிடும். 80 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு உப்பின் 75-தான் பெரும்பாலும் விளக்கம். கோடுகளில் உள்ள உப்பு முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் ஆவி அங்கே ஒட்டும்.

இங்கே நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஏசி அறையில் வைத்திருந்த பாட்டிலையோ கத்தியையோ ஏசி இல்லாத அறைக்குக் கொண்டுவந்து பையைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போல அது வேர்க்கும். தண்ணீர் ரேகைக்கு மேலேயே ஓடி, அமினோ அமிலமும் உப்பும் கரைந்து போகும். பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். இன்னொன்று, ஆவியை அளவுக்கு மீறி விட்டால் கோடும் பள்ளமும் ஒன்றாக வெளுத்துவிடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் பெட்டிக்குள் உங்கள் விரலையே வைத்த ஒரு சோதனைத் தகட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, அது எழும்பியதும் நிறுத்துவார்கள். சூட்டுத் தட்டை 200 டிகிரிக்கு மேல் ஏற்றினால் விஷ வாயு வரும். ஃபெவிக்விக்கும் சயனோஅக்ரிலேட்தான் என்பதற்காக வீட்டு அடுப்படியில் இதை முயல வேண்டாம்.

மீன்பிடித் துறைமுகத்துப் பொருட்களே ஒரு பாடத்திட்டம். தெர்மாகோல் பெட்டி, நீல பிளாஸ்டிக் கிரேட், ஐஸ், கடல் தண்ணீர். தெர்மாகோலுக்கு அசிட்டோன் கலந்த எதையும் தெளித்தால் ரேகை எழும்பாது, பெட்டியே உருகிக் குழியாகும். ஈரமாக இருக்கும் கிரேட்டுக்குப் பவுடர் போட்டால் சேறாக அப்பிக்கொள்ளும். அதற்கு நுண்துகள் திரவம் இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் மாலிப்டினம் டைசல்ஃபைடு, ஈரப்படுத்தும் சோப்புத் திரவம் சில சொட்டு. துகள் அடியில் தங்கிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் தெளிக்க வேண்டும். அரை நிமிடம் விட்டு, ரேகைக்கு மேலே இருந்து மெதுவாகத் தண்ணீர் வழியவிட வேண்டும். நேராகப் பீய்ச்சினால் ரேகையும் கையோடு போகும். இது கறுப்பு நிறம், வெளிர் பரப்புக்குத்தான் ஆகும். நீலம், கறுப்பு கிரேட்டுக்கு வெள்ளைத் துகள் வேண்டும். துத்தநாக கார்பனேட்டை வைத்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஜி.எஸ். சோதி, ஜஸ்ஜீத் கௌர் இருவரும் வேலை செய்திருக்கிறார்கள். கடல் தண்ணீரில் நனைந்த பொருளை அப்படியே காயவிடக் கூடாது. உப்பு பூத்துக் கோடுகளை மூடிவிடும். நல்ல தண்ணீரில் மெல்ல அலசிய பிறகே காயவிடுவது.

காகிதத்துக்கு வேறு கதை. நின்ஹைட்ரின் கலவை பலரும் பயன்படுத்துவது இதுதான்: 5 கிராம் நின்ஹைட்ரின், 45 மில்லி எத்தனால், 2 மில்லி எத்தில் அசிடேட், 5 மில்லி அசிட்டிக் அமிலம். இந்த 52 மில்லி அடர்கரைசலை ஒரு லிட்டர் ஹெச்.எஃப்.இ. 7100 என்ற கரைப்பானில் கலக்க வேண்டும். தாளை முக்கி, உலர்த்தி, 80 டிகிரி, சுமார் 65 சதவீத ஈரப்பதம் உள்ள அடுப்பில் சில நிமிடம். அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் ஊதா எழும்பும். அந்தக் கரைப்பானின் பெருமை, பேனா மை கலையாது, தீப்பிடிக்காது. ஆனால் அது ஃபுளோரின் சேர்ந்த, எளிதில் சிதையாத பிஃபாஸ் வகையில் வருகிறது. தயாரித்து வந்த 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் அந்த வகை முழுவதையும் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மாற்றுக் கரைப்பான் தேடுவது உலகம் முழுக்க இப்போது சூடான வேலை. மை கலையக் கூடாது, சீக்கிரம் ஆவியாக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, விலை நம் மாவட்ட ஆய்வகம் தாங்க வேண்டும். நான்கும் ஒன்றாக அமைவது கஷ்டம். அசிட்டோன் மையைக் கலைக்கும்; பெட்ரோலியம் ஈதர் மையை விட்டுவைக்கும், ஆனால் பொறி பட்டால் போதும். வேதியியல் மாணவிக்கு இதைவிட நேரான நுழைவாயில் இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து.

தாள் ஒருமுறை நனைந்துவிட்டால் நின்ஹைட்ரின் கைவிட்டுவிடும், அமினோ அமிலம் தண்ணீரோடு போயிருக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் நனைந்தன என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும் முறைகள் வேண்டும்: வெள்ளி படியவைக்கும் ஃபிசிக்கல் டெவலப்பர், அல்லது ஆயில் ரெட் ஓ சாயம். முதலாவதில் பலர் சறுக்கும் இடம் ஒன்றுதான். இப்போதைய தாள்களில் சுண்ணாம்பு நிரப்பியிருக்கிறார்கள். மேலிக் (maleic) அமிலத்தில் முதலில் ஊறவைத்து, குமிழி வருவது நின்ற பிறகே வெள்ளிக் கரைசலில் போட வேண்டும். அவசரப்பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். வரிசையும் முக்கியம். காய்ந்த தாளுக்கு முதலில் இன்டேன்டையோன் (அமினோ அமிலத்தைப் பிடிக்கும் இன்னொரு ரசாயனம்), பிறகு நின்ஹைட்ரின், கடைசியில்தான் இது. இது முடிந்த தாளில் வேறு எதையும் எழுப்ப முடியாது. புயலோடு வந்த எண்ணெய்க் கசிவில் எண்ணூர்ப் பக்கம் நனைந்த தாளானால் இன்னும் சிக்கல். பசையைத் தேடும் சாயத்துக்கு எல்லா இடமும் பசைதான்.

உலோகத்தில் ஒரு அழகான கேள்வி காத்திருக்கிறது. வேர்வை உப்பு பித்தளையை அரிப்பதால், துடைத்த பிறகும் ரேகையின் வடிவம் உலோகத்திலேயே தங்கும் என்று பிரிட்டனில் ஜான் பாண்ட் 2008-இல் காட்டினார். பித்தளைத் தோட்டாக் கூட்டுக்கு 2,500 வோல்ட் கொடுத்து, கரித்தூள் பூசிய மணிகளை மேலே உருட்டினால் அரித்த இடத்தில் கரி ஒட்டும். திருவொற்றியூரில் திறந்த ஜன்னல் பக்கம் வைத்த பித்தளைச் சொம்பு தானாகவே பச்சை பூக்கும். அந்தப் பச்சைக்குள் ரேகையின் அரிப்பு எத்தனை நாள் தனியாகத் தெரியும்? உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இது ஒன்றே போதும்.

இனி ஒரு சோதனையை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். பெரும்பாலான மாணவர் வேலை வீணாவது இங்கேதான். மஞ்சள் தூள், குங்குமம், ஏதோ ஒரு நானோ துகள் என்று கண்ணாடித் தகட்டில் தூவி, பளிச்சென்று ஒரு படம் போட்ட கட்டுரைகள் நம் நாட்டில் குவிந்து கிடக்கின்றன. படத்தில் இருப்பது மூக்கையும் நெற்றியையும் தடவிவிட்டு அப்போதே அழுத்திய விரல். அப்படி எண்ணெய் பூசிய ரேகையைக் கோலமாவு போட்டும் எழுப்பலாம். சர்வதேச கைரேகை ஆராய்ச்சிக் குழு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேலையை நாலு கட்டமாகப் பிரிக்கிறது: யோசனை எடுபடுமா என்ற முன்னோட்டம், அளவுகளைச் சீராக்கல், நிஜப் பொருள் போன்றவற்றில் சரிபார்த்தல், பிறகு உண்மை வழக்குகள். நம் கட்டுரைகளில் முக்கால்வாசி முதல் கட்டத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவை.

ஒழுங்காகச் செய்வதென்றால் இப்படி. கொடையாளர் ஐந்து பேர், ஆணும் பெண்ணும், வெவ்வேறு வயது. சோப்புப் போட்டுக் கை கழுவி அரை மணி நேரம் வழக்கமான வேலை செய்த பிறகே பதிவு. முகத்தைத் தடவச் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரிடமும் மூன்று விரல். ஒரே விரலால் மை தொடாமல் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல அடுத்தடுத்து ஆறு முறை அழுத்தச் சொல்லுங்கள். முதல் பதிவில் எல்லாமே எழும்பும். ஆறாவதில் எழும்பினால்தான் உங்கள் முறைக்கு மதிப்பு. வயது 1, 7, 14, 28 நாள். ஈரப்பதம் மூன்று. பெருக்கிப் பாருங்கள்: 5 × 3 × 6 × 4 × 3 என்றால் 1,080 பதிவுகள். ஒவ்வொன்றையும் நட்ட நடுவில் வெட்டி, இடது பாதிக்குப் பழைய முறை, வலது பாதிக்குப் புது முறை. ஆக 2,160 பாதிகள். இரண்டு பாதியையும் மறுபடி சேர்த்து வைத்து ஒரே படமாக எடுத்தால், எது தேவலை என்பது பேச்சுக்கு இடமில்லாமல் தெரியும். மதிப்பெண் 0 முதல் 4 வரை: எதுவும் இல்லை என்றால் 0, தொட்ட தடம் மட்டும் 1, கோடுகள் மூன்றில் ஒரு பங்கு 2, மூன்றில் இரண்டு பங்கு வரை 3, முழுதும் 4. எது எந்த முறை என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். நீங்களே கலக்கி, நீங்களே எழுப்பி, நீங்களே மதிப்பெண் போட்டால் உங்கள் கலவைதான் ஜெயிக்கும்.

கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும் கொடையாளரின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் ஒரு விரலைக்கூடத் தொடாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. படங்களுக்குப் பெயர் போடாமல் குறியெண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2022-இல் வந்த நாஃபிஸ் என்ற தேசியத் தேடல் அமைப்பும் சரி, எந்த நாட்டு அமைப்பும் சரி, சம்பவ இடத்து மங்கலான ரேகையைக் கொடுத்தால் “இவர்தான்” என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இன்னாரின்னாராக இருக்கலாம் என்று ஒரு பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுக்கும். பார்த்து முடிவு சொல்வது மனிதர். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் எஃப்.பி.ஐ.க்குக் கிடைத்த அப்படி ஒரு 20 பேர் பட்டியலில் நான்காவதாக வந்தவர் பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வக்கீல். அனுபவசாலிகளே பார்த்துப் பொருந்துகிறது என்றார்கள், கைது செய்தார்கள். ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது. பதிவுகள் கோடிக்கணக்கில் பெருகப் பெருக, அசலைப் போலவே இருக்கும் வேற்றாள் ரேகை கிடைக்கும் வாய்ப்பும் பெருகும். அதாவது கம்ப்யூட்டர் வந்ததால் மனிதரின் வேலை கடினமாகியிருக்கிறது.

எவ்வளவு கடினம் என்று அளந்தவர்களும் உண்டு. உளவியல் ஆய்வாளர் இட்டியல் டிரோர் 2006-இல் ஐந்து நிபுணர்களிடம், அவர்களே சில வருடம் முன்பு பொருந்துகிறது என்று கையெழுத்திட்ட ரேகைகளைக் கொடுத்து, இவைதான் அந்த மேஃபீல்ட் ரேகைகள் என்று சொல்லிவைத்தார். நாலு பேர் முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2011-இல் வெளியான எஃப்.பி.ஐ. ஆய்வில் 169 நிபுணர்கள். வேற்றாளைப் பொருத்திய தவறு 0.1 சதவீதம், அதே ஆளை இல்லை என்று தள்ளிய தவறு 7.5 சதவீதம். 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இத்தகைய ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, வேற்றாளைப் பொருத்தும் தவறு ஒரு ஆய்வின்படி 306-க்கு ஒன்று, இன்னொன்றின்படி 18-க்கு ஒன்று வரைக்கும்கூட இருக்கலாம் என்றது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கோர்ட்டில் நிபுணரின் கருத்து இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39-வது பிரிவில் வருகிறது. எத்தனை புள்ளி (கோடு முடியும், பிரியும் இடங்கள்) பொருந்தினால் போதும் என்ற எண் அதில் எழுதப்படவில்லை. இங்கிலாந்து 16 புள்ளி என்ற கணக்கை 2001-இல் கைவிட்டது. எண்ணுக்குப் பதில் நிகழ்தகவு சொல்லலாம் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் ஷாம்போ போன்றவர்கள் வேலை செய்கிறார்கள். புள்ளியியலில் பிடிப்பு இருந்தால் இது நீண்டகாலச் சோறு போடும் கிளை. நம் நாட்டு நிபுணர்களின் தவறு விகிதத்தை அந்த மாதிரி அளப்பதற்கு ரசாயனம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். வேண்டியது ஒத்துழைக்கும் ஒரு விரல்ரேகைப் பிரிவு. அதுதான் கிடைப்பது அரிது.

இதற்கு முன்கூட்டியே கை பழக, அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. இலவசமாகத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மைன்டிசிடி ரேகையின் முடிவுப் புள்ளி, கவைப் புள்ளிகளைக் குறித்துக் கொடுக்கும், போசோர்த்3 இரண்டு ரேகையை ஒப்பிட்டு மதிப்பெண் போடும், என்.எஃப்.ஐ.க்யூ. 2 ஒரு பதிவின் தரத்தை 0 முதல் 100 வரை சொல்லும். கடைசியானதை வைத்து உங்கள் தெருவிலேயே ஒரு ஆராய்ச்சி கிடக்கிறது. ரேஷன் கடையில் மிஷினில் விரல் வைத்து, “தேய்ஞ்சு போச்சு ஆயா, வேற விரலை வை” என்று கேட்காத நாள் உண்டா? மீன் ஆய்பவர்கள், இறால் உரிப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், ஹார்பரில் மூட்டை இழுத்தவர்கள், சிமென்ட் வேலைக்காரர்கள். ரேகையின் அச்சு தோலின் அடி அடுக்கில் இருப்பதால் மேலே தேய்ந்தாலும் வேலையை விட்டுச் சில வாரத்தில் திரும்ப வரும். ஆனால் வேலையை யார் விடப்போகிறார்கள்? வயதானவர்களுக்குத் தோல் வறண்டு, கண்ணாடியில் கோடு சரியாக ஒட்டாது. லேசாக ஈரத் துணியில் துடைத்தாலே சிலருக்கு எடுத்துவிடும். எந்தத் தொழிலில் எந்த விரல் முதலில் தேய்கிறது, எத்தனை நாள் ஓய்வில் தரம் எவ்வளவு ஏறுகிறது என்று வரிசையாக அளந்தால் அது தடயவியலுக்கும் பயன்படும், ரேஷன் கடைக்கும் பயன்படும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேப்சிடாபின் என்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரேகை அழியக்கூடும். அதைக் கேட்காமல் தொழில் மேல் பழியைப் போடக் கூடாது.

ரேகையின் வயதைச் சொல்வது பற்றி ஒரு எச்சரிக்கை. “இந்த ரேகை என்றைக்கு வைத்தது?” என்று விசாரணை அதிகாரி கேட்பார், கோர்ட்டில் நிற்கிற மாதிரி பதில் சொல்லும் முறை இன்று வரை இல்லை. 2015-இல் என்.ஐ.எஸ்.டி.யில் பால்மிட்டிக் அமிலம் கோட்டிலிருந்து பள்ளத்துக்குப் பரவும் தூரத்தை அளந்து பார்த்தார்கள்; ஷெஃபீல்டில் சிமோனா ஃபிரான்சீஸ் குழு ரேகையின் ரசாயனத்தையே நிறைமாலை அளவியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) படமெடுக்கிறது. இரண்டுக்கும் கோடிகளில் விலையுள்ள கருவி வேண்டும். கவர்ச்சியான தலைப்பு, ஆனால் முதல் ஆராய்ச்சிக்கு எடுத்தால் நாலு வருடமும் கருவி வரிசையில் நிற்பதிலேயே போகும்.

படிப்பு வழி சுருக்கமாக. எம்.எஸ்சி. தடய அறிவியல்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரேகையை எழுப்பும் ரசாயன வேலைக்கு எம்.எஸ்சி. வேதியியலில் ஆழம் இருப்பவர்களையே நான் முதலில் எடுப்பேன். தடயவியலைப் பிறகு ஆறு மாதத்தில் பிடிக்கலாம், பகுப்பாய்வு வேதியியலை அப்படிப் பிடிக்க முடியாது. யு.ஜி.சி. நெட்டில் தடய அறிவியல் தனிப் பாடம். வேதியியலில் போனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 முதல் உள்ள தொகை. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதோடு, அவரது ஆய்வகத்தில் ஈரப்பதம் கட்டுப்படுத்தும் பெட்டியும் பல அலைநீள ஒளி விளக்கும் இருக்கிறதா, விரல்ரேகைப் பிரிவிலோ தடய அறிவியல் துறையிலோ ஒருவராவது அவருக்குப் பழக்கமா என்று விசாரியுங்கள். இரண்டாவது இல்லையென்றால் உங்கள் வேலை கண்ணாடித் தகட்டை விட்டு வெளியே வராது.

பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள மூன்று டப்பா எடுங்கள். ஒன்றின் அடியில் மக்னீசியம் குளோரைடு, ஒன்றில் சோடியம் குளோரைடு, ஒன்றில் பொட்டாசியம் சல்ஃபேட். தண்ணீர் விட்டுக் குழைத்து, கரையாத உப்பு மேலே தெரிகிற மாதிரி சேறாக வையுங்கள். காற்றின் ஈரப்பதம் முறையே 33, 75, 97 சதவீதத்தில் போய் நிற்கும். சோடியம் குளோரைடு கல்லூரி ஆய்வகத்து உப்பாக இருக்கட்டும். கடைக் கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் 75-இல் நிற்காது, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் அதனால்தான். உள்ளே வைக்கும் டிஜிட்டல் ஈரமானி நாலைந்து சதவீதம் தப்பாகக் காட்டும். 75 டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்து, எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே திருத்தம். உப்பு தெறிக்காதபடி துளையிட்ட தட்டில், உங்கள் சொந்த விரலின் ஆறு பதிவு வைத்த கண்ணாடித் தகட்டை வையுங்கள். ஏழாம் நாள் எடுத்துச் சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், பவுடர் எதுவும் போடாமல். தேதி, நேரம், அன்றைய அறைச் சூடு, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தீர்களா என்பதை நோட்டில் மையால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம்.